வேலி மட்டும் பயிரைக் காக்காது

(வலிகாமத்துச் சனசமூக நிலையமொன்றில் நடைபெற்ற கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரையின் வாசகம்)



அரசியல் மேடையில் ஏறுபவன் காணியைப் பற்றிப் பேசுவான், மொழியைப் பற்றிப் பேசுவான், அதிகாரப் பகிர்வைப் பற்றிப் பேசுவான் என்று எதிர்பார்த்தே நீங்கள் வந்திருப்பீர்கள். அவற்றைப் பேசப் பல மேடைகள் உண்டு. நானும் பேசி வருகிறேன். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. கணவனுடைய அடிக்கும் உதைக்கும் ஆளாகி, நீதிமன்றத்தை நாடிப் பாதுகாப்புப் பெற்ற ஒரு பெண், தான் குடியிருக்கும் வாடகை வீட்டில் தொடர்ந்து குடியிருக்க முடிகிறதா என்பதே அப்பொருள்.

இது குடும்ப விவகாரம், அரசியலுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். அச்சமின்றி வாழ எமக்கோர் இடம் வேண்டும் என்று உலகத்தின் முன் கேட்டு நிற்பவர்கள் நாம். அதே கேள்வியை நம் ஒழுங்கையிலே ஒரு பெண் நம்மிடம் கேட்கும்போது, அது எமது அலுவல் அன்று எனக் கதவைச் சாத்துவோமானால், நமது கேள்விக்கு என்ன மதிப்பு இருக்கும்?

நான் வென்ற வழக்கு

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண்மணி என் அலுவலகத்துக்கு வந்தார். இரண்டு பிள்ளைகளின் தாய். இடது கையில் கட்டுப் போட்டிருந்தார். கணவன் நல்ல வேலையில் இருப்பவன், ஊரில் மதிப்புள்ளவன். அவர் சொன்னவற்றை இங்கு விரித்துரைக்க நான் விரும்பவில்லை. நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பம் செய்தோம். முதலில் இடைக்காலக் கட்டளையும், விசாரணையின் பின் பாதுகாப்புக் கட்டளையும் கிடைத்தன. கணவன் அந்த வீட்டுக்குள் நுழையலாகாது என்று நீதவான் பணித்தார். வழக்கில் நான் வென்றேன். அன்று மாலை நிறைந்த மனத்தோடு வீடு சென்றேன்.

ஐந்து வாரம் கழித்து அதே பெண்மணி மீண்டும் வந்தார். "ஐயா, அந்தக் கட்டளையை நீக்குவதற்கு நான் என்ன எழுதிக் கொடுக்கவேண்டும்?" என்று கேட்டார்.

நான் திகைத்தேன். மிரட்டினானா என்றேன். இல்லை என்றார். கணவன் வாடகை கொடுப்பதை நிறுத்திவிட்டான். வீட்டைத் தான் விட்டுவிட்டதாகச் சொந்தக்காரருக்குக் கடிதமும் எழுதிவிட்டான். சொந்தக்காரர் கொடியவர் அல்லர். "பிள்ளை, ஒப்பந்தம் உன் பெயரில் இல்லையே, நான் என்ன செய்வேன்?" என்று இந்த மாத முடிவில் வீட்டை விடும்படி சொல்லிவிட்டார். வேறு வீடு தேடி மூன்று இடங்களுக்குப் போயிருக்கிறார் அந்தப் பெண். மூன்று இடத்திலும் ஒரே கேள்விதான்: "வீட்டில் ஆண் துணை உண்டா?" கணவனோ வேறொரு வீட்டை வாடகைக்கு எடுத்துவிட்டு, பிள்ளைகளுக்குக் கூரை வேண்டுமென்றால் அங்கே வரலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தான்.

ஒப்பந்தத்தைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். அதன் கடைசிப் பக்கத்தில் என்னுடைய கையொப்பம் இருந்தது.

ஆம், பெரியோர்களே. அந்த ஒப்பந்தத்தை நொத்தாரிசு என்ற முறையில் எழுதி அத்தாட்சிப்படுத்தியவன் நானே. வீட்டுச் சொந்தக்காரர் ஒரு கட்சி, கணவன் மறு கட்சி. மனைவியின் பெயர் எந்த வரியிலும் இல்லை. "அன்றைக்கு நானும் வந்திருந்தேன் ஐயா, வெளி வாங்கில் பிள்ளையை வைத்துக்கொண்டு இருந்தேன்" என்றார் அவர். வீட்டுக்குக் கொடுத்த முற்பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். தம்முடைய காப்புகளை விற்ற பணம் என்றார். அன்றைக்கு அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்ற எண்ணமே எனக்கு எழவில்லை.

சட்டம் தரும் வேலி

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் நல்ல சட்டம். அதைக் குறைகூற நான் வரவில்லை. பாதிக்கப்பட்டவர் தாமே விண்ணப்பம் செய்யலாம். அவருக்காகப் பொலிஸ் உத்தியோகத்தரும் செய்யலாம். அவசரமானால் இடைக்காலக் கட்டளை உடனே கிடைக்கும். 14 நாட்களுக்குள் விசாரணைக்குத் திகதி குறிக்கப்படும். பாதுகாப்புக் கட்டளை 12 மாதங்களுக்கு மேற்படாத காலத்துக்கு வழங்கப்படலாம். உடலிற் படும் அடி மட்டுமன்றி, கொடூரமாகவும் இழிவாகவும் தொடர்ந்து நடத்துகின்ற மனத்துன்பமும் அச்சட்டத்தில் வன்முறையே. கூடி வாழும் வீட்டில் எதிராளி குடியிருப்பதையும், அவள் அங்கே இருப்பதைத் தடுப்பதையும் நீதவான் விலக்கலாம். கட்டளையை மீறுபவனுக்குச் சிறைத்தண்டனையும் உண்டு.

இது யாரோ சிலருக்கு மட்டும் வேண்டிய சட்டம் என்று எண்ணாதீர்கள். தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2019ஆம் ஆண்டில் நாடளாவிய ஓர் ஆய்வு நடத்தியது. கணவனோடோ துணைவனோடோ வாழ்ந்த பெண்களுள் ஐவரில் ஒருவர், தம் வாழ்நாளில் அவனாலேயே உடல்வழியான அல்லது பாலியல் ரீதியான வன்முறைக்கு ஆளானவர் என்று அது கண்டது. இந்த மண்டபத்தில் அமர்ந்திருக்கும் தாய்மாரை எண்ணிப் பாருங்கள். நான் எவரையும் சுட்டவில்லை; கணக்கைத்தான் சொல்கிறேன்.

ஆனால் கமக்காரராகிய உங்களுக்கு ஒன்று தெரியும். வெங்காயத் தோட்டத்துக்கு வேலி அடைத்துவிட்டால் மாடு உள்ளே வராது. அதனால் மட்டும் வெங்காயம் விளையுமா? முறை தவறாமல் தண்ணீர் இறைக்கவேண்டும். இறைப்பு நின்றால், வேலி எவ்வளவு உறுதியாக இருந்தாலும் உள்ளே பயிர் கருகிப்போகும். நீதிமன்றக் கட்டளை வேலி. வாடகையே தண்ணீர். நான் அந்தப் பெண்ணுக்கு வேலி அடைத்துக் கொடுத்துவிட்டு, தண்ணீர் எங்கிருந்து வரும் என்று பார்க்காமல் வீடு சென்றவன்.

சொந்த வீட்டில் வாழும் பெண்ணின் நிலை வேறு. அவளை நிர்க்கதியாக்கும் வகையில் கணவன் அவ்வீட்டை விற்கவோ பராதீனப்படுத்தவோ கூடாது என்று நீதவான் தடுக்கலாம். நம் பகுதியில் சீதனமாக வந்த வீடு பெரும்பாலும் பெண்ணின் பெயரிலேயே இருக்கும்; அடிப்பவனை வெளியே அனுப்பிவிட்டு அவள் தன் வீட்டில் இருந்துகொள்ளலாம். வாடகை வீட்டிலோ விற்பதற்கு ஒன்றுமில்லை. அவன் திறப்பைத் திருப்பிக் கொடுத்தால் போதும், எல்லாம் முடிந்தது.

நம்மில் வாடகைக்கு இருப்பவர் யார் என்று சிலர் கேட்பார்கள். 1990ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கை விட்டு ஓடியவர்களின் பிள்ளைகளைக் கேளுங்கள். சீதன வீட்டை விற்று மகனை வெளிநாடு அனுப்பியவர்களைக் கேளுங்கள். மாற்றலாகி வவுனியாவிலும் கொழும்பிலும் வேலை பார்க்கும் ஆசிரியர்களையும் எழுதுவினைஞர்களையும் கேளுங்கள். பெண்ணுக்கு வீடு கொடுத்து அனுப்பிய சமூகம் என்று பெருமை பேசிக்கொண்டு, வீடின்றி வந்த பெண்ணைக் காணாதிருக்கிறோம்.

சட்டத்தின் விந்தை

இன்னொன்று கூறுகிறேன். 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்தில், வாடகைக்கு இருந்தவர் இறந்தால் உடன் வாழ்ந்த மனைவி அந்த வாடகையுரிமையைத் தொடர வழி உண்டு. இன்று புதிதாக வாடகைக்கு விடப்படும் வீடுகளிற் பெரும்பாலானவை அச்சட்டத்தின் எல்லைக்குள் வருவதில்லை என்பது வேறு. ஆயினும் அதன் உள்ளத்தை நோக்குங்கள். கணவன் செத்தால் மனைவிக்கு வீடு வேண்டும் என்று 1972இலேயே சட்டம் எண்ணியிருக்கிறது. கணவன் உயிரோடிருந்து அடித்தால் அவளுக்கு வீடு வேண்டாமா?

அயல்நாட்டைப் பாருங்கள். நமது சட்டம் பிறந்த அதே 2005இல் இந்தியாவும் இத்தகைய ஒரு சட்டம் இயற்றியது. கூடி வாழும் வீடு என்பது வாடகை வீட்டையும் குறிக்கும் என்று அது வெளிப்படையாகவே கூறுகிறது. அவளுக்கு மாற்று வீடு பார்த்துக் கொடுக்கவோ அதற்குரிய வாடகையைச் செலுத்தவோ கணவனுக்கு நீதவான் கட்டளையிடலாம். இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டின் குடும்பச் சட்டப்படி, வீட்டில் தங்கிய மனைவி கொடுக்கும் வாடகை, கணவனே கொடுத்ததற்குச் சமம். வாடகையுரிமையை அவள் பெயருக்கு மாற்றும் அதிகாரமும் நீதிமன்றத்துக்கு உண்டு. நம் நாட்டிலும் இவை ஐயத்துக்கு இடமின்றி எழுதப்படவேண்டும். பாதுகாப்புக் கட்டளை பெற்றவள் கொடுக்கும் வாடகையைச் சொந்தக்காரர் ஏற்கவேண்டும், கட்டளை நிலவும் காலத்தில் கணவனின் ஒரு கடிதத்தால் அவள் வெளியேற்றப்படலாகாது என்று பாராளுமன்றத்தில் வாதாட நம் பிரதிநிதிகளை நாம் ஏவவேண்டும். இது அவர்களிடம் நான் வைக்கும் கோரிக்கை.

ஆனால் சட்டம் திருந்தும்வரை அந்தப் பெண் எங்கே படுப்பாள்? ஆகையால் இனி உங்களிடம் பேசுகிறேன்.

வீட்டுச் சொந்தக்காரர்களுக்கு

இந்த மண்டபத்தில் வீடு வாடகைக்கு விட்டவர்கள் பலர் இருக்கிறீர்கள். கனடாவிலும் இலண்டனிலும் உள்ள உறவினரின் வீட்டை அற்றோணித் தத்துவத்தின் மூலம் பராமரிப்பவர்களும் இருக்கிறீர்கள். அத்தகைய பெண்ணை எழுப்ப நீங்கள் கூறும் காரணங்களை நான் அறிவேன். வாடகை வராது என்பீர்கள். சத்தமும் சண்டையும் வரும் என்பீர்கள். அவளை இருக்கவிட்டால் வீட்டை மீட்க முடியாது என்பீர்கள்.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம். வாடகை வராது என்று ஏன் முன்கூட்டியே முடிவு செய்கிறீர்கள்? அவளிடம் கேட்டுப் பார்த்தீர்களா? பல வீடுகளில் வாடகையை மிச்சம் பிடித்து வைத்தவள் அவளே. சத்தமும் சண்டையும் யாரால் வந்தன? அவனை நீதிமன்றம் வெளியேற்றிவிட்டது. அதன் பின்பு அவளையும் வெளியேற்றுவது, மாடு மேய்ந்த தோட்டத்தை நாமே கொத்திப் புரட்டுவது போன்றது. வீட்டை மீட்க முடியாது என்ற அச்சத்துக்கும் இன்று இடம் குறைவு. நொத்தாரிசு முன் எழுதிய வாடகை ஒப்பந்தம் முடிந்ததும் வீட்டை விரைந்து மீட்பதற்கென்றே 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. உங்களுக்குச் சட்டத்தின் துணை உண்டு, அவளுக்குத்தான் இல்லை.

செய்யவேண்டியது எளிது. அவள் கையால் வாடகையைப் பெற்றுக்கொள்ளுங்கள். எந்த மாதத்துக்கு, எவர் கையால் பெற்றீர்கள் என்று பற்றுச்சீட்டில் எழுதிக் கொடுங்கள். கணவனோடு செய்த ஒப்பந்தம் முடிந்ததும் அவள் பெயரில் புதிய ஒப்பந்தம் எழுதுங்கள். கட்டளை நிலவும் காலத்தில் மறு திறப்பை அவனிடம் கொடாதீர்கள். பூட்டை மாற்ற அவள் கேட்டால் மறுக்காதீர்கள். அவள் வேறிடம் போயிருந்தால், எங்கே போனாள் என்று எவர் கேட்டாலும் உங்கள் வாயால் வரவேண்டாம். வீடு தேடி ஒரு தனிப் பெண் உங்கள் படலையைத் தட்டினால், ஆண் துணை உண்டா என்று கேட்பதை விட்டு, வாடகை எப்போது தருவாய் என்று மட்டும் கேளுங்கள்.

என் தொழிற் சகோதரர்களுக்கு

சட்டத்தரணிகளே, நொத்தாரிசுகளே! 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நம் முன்னே எழுதப்பட்டாலன்றி வலுவுடையதாகாது. ஆகவே நீண்ட கால ஒப்பந்தம் ஒவ்வொன்றும் நம் மேசையைக் கடந்தே போகிறது. அந்த மேசையில் வெளி வாங்கில் இருப்பவளையும் உள்ளே அழைப்போம். கணவன் மனைவி இருவர் பெயரையும் எழுதுவோம். முற்பணம் யார் கொடுத்தது என்று கேட்டு அதையும் எழுதுவோம். இருவர் கையொப்பமுமின்றி வீட்டை விடமுடியாது என்று ஒரு வரி சேர்ப்போம். இதற்கு ஒரு கூலியும் மேலதிகமாக ஆகாது. இருவரும் ஒற்றுமையாக வாழும் வீட்டுக்கு அதனால் தீங்கில்லை. ஒற்றுமை கெட்ட நாளில் அந்த ஒரு வரி ஒரு வீட்டைக் காக்கும்.

பாதுகாப்புக் கட்டளைக்கு விண்ணப்பிக்கும்போது வாடகையையும் மறவாதிருப்போம். பராமரிக்கும் கடமையுள்ள எதிராளி அவசரப் பண உதவி செய்யவேண்டும் என்று அதே விண்ணப்பத்தில் கேட்கலாம். வாடகை இவ்வளவு, செலுத்தவேண்டிய நாள் இது, முற்பணம் கொடுத்தது இவர் என்று பற்றுச்சீட்டோடு நீதவான் முன் வைப்போம். கட்டளை பிறப்பிக்கும்போது அவளுடைய இருப்பிடத் தேவையை நீதவான் கருத்தில் எடுக்கவேண்டியவர். அதை எடுத்துக்காட்டுவது நம் வேலை. 1999ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் வழக்கையும் காலந்தாழ்த்தாது தொடுப்போம். பணம் இல்லாதவரைச் சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு வழிகாட்டுவோம்.

கமக்காரருக்கும் சங்கங்களுக்கும்

பராமரிப்பு வழக்கு முடிந்து முதற் பணம் கைக்கு வரச் சில மாதம் செல்லும். அந்தச் சில மாதமே அவளைத் திரும்பவும் அடிவாங்க அனுப்புகிறது. எடுத்துக்காட்டாக, ஒரு வீட்டின் வாடகை 20,000 ரூபா என்று கொள்வோம். மூன்று மாதத்துக்கு 60,000 ரூபா. அறுபது உறுப்பினர் கொண்ட சங்கத்தில் ஆளுக்கு 1,000 ரூபா. கோயில் திருவிழாவில் ஓர் இரவு வாணத்துக்குச் செலவழிக்கும் பணத்தைவிட இது பெரிதா? தானமாகக் கொடுக்கவேண்டாம். கடனாகக் கொடுங்கள், திருப்பித் தருவாள். கூட்டுறவுச் சங்கமும் மாதர் சங்கமும் சனசமூக நிலையமும் இதற்கென ஒரு நிதியை வைத்திருக்கட்டும்.

பக்கத்து வீட்டாருக்கு ஒரு சொல். அலறல் கேட்டால் வானொலியின் ஒலியைக் கூட்டாதீர்கள். பொலிஸாரின் அவசர இலக்கம் 119. பெண்களுக்கான அரசாங்க உதவி இலக்கம் 1938. காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனால், பல அரச ஆஸ்பத்திரிகளில் 'நட்பு நிலையம்' என்ற பெயரில் இதற்கென்றே ஓர் இடம் இருக்கிறது. எங்கும் போகவேண்டும் என்று அவளை வற்புறுத்தவேண்டாம். எந்த நேரத்திற் போவது பாதுகாப்பு என்பதை அவளைவிட அறிந்தவர் இல்லை. ஆனால் வழி உண்டு என்பது அவளுக்குத் தெரிந்திருக்கவேண்டும். சமாதானம் செய்துவைத்தோம் என்று பெருமையோடு அவளைத் திருப்பி அனுப்பும் பெரியவர்கள், அன்றிரவு அந்த வீட்டில் என்ன நடந்தது என்று மறுநாள் காலை போய்க் கேட்டதுண்டா?

ஒரு கமக்காரர் காட்டிய வழி

அந்தப் பெண்மணி என்ன ஆனார் என்று உங்கள் மனம் கேட்கும். அவர் திரும்பிப் போனார். நான் தடுக்கவில்லை, தடுப்பதற்கு என் கையில் வீடு இல்லை. எட்டு மாதம் கழித்து மீண்டும் வந்தார். இம்முறை நெற்றியில் தையல் இருந்தது. மறுபடியும் விண்ணப்பம் செய்தோம். ஆனால் இம்முறை நீதிமன்றம் போவதற்கு முன் நான் வீடு தேடிப் போனேன்.

எனக்குத் தெரிந்த ஒரு முதியவர், வெங்காயமும் புகையிலையும் செய்பவர், தம் வளவில் இருந்த இரண்டு அறை வீட்டைக் கொடுத்தார். முதல் மூன்று மாத வாடகைக்கு நான் பிணை நிற்பதாகச் சொன்னேன். அவர் சிரித்தார். "தம்பி, வெங்காயம் கிண்டி விற்கும்வரை கடைக்காரன் எனக்குப் பசளையும் மருந்தும் கடனுக்குத் தருகிறான். இந்தப் பிள்ளைக்கு மூன்று மாதம் பொறுக்க என்னால் ஏலாதா?" என்றார். ஒப்பந்தத்தை நானே எழுதினேன். அதில் இருந்த பெயர் அந்தப் பெண்ணுடையது. நாலாம் மாதம் முதல் அவர் வாடகை தவறியதில்லை. அந்த முதியவர் சட்டம் படித்தவர் அல்லர். நான் நீதிமன்றத்தில் இரண்டு முறை வென்று செய்யமுடியாததை, ஒரு திறப்பைக் கொடுத்துச் செய்துவிட்டார்.

கண்ணகியை வற்றாப்பளையிலும் மட்டக்களப்பிலும் தெய்வமாக வைத்துப் பொங்கல் பொங்குகிறோம். நீதி கேட்ட பெண் என்று மேடைதோறும் முழங்குகிறோம். மதுரைக்கு வந்த அந்தப் பெண்ணுக்கு இருக்க இடம் கொடுத்தவள் மாதரி என்ற இடைச்சி என்பதை மறந்துவிடுகிறோம். சிலப்பதிகாரத்தில் அடைக்கலக் காதை என்றே ஒரு காதை உண்டு. அடைக்கலமாக வந்தவளைக் காக்க இயலாமற் போயிற்றே என்று அந்த இடைச்சி தன் உயிரையே விட்டாள். அந்த அளவுக்கு எவரையும் நான் கேட்கவில்லை. ஒரு பற்றுச்சீட்டையும் ஒரு பெயரையும் மூன்று மாதப் பொறுமையையுமே கேட்கிறேன்.

இன்றிரவு வீடு சென்றதும் உங்கள் பெட்டியில் இருக்கும் வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். வீட்டைக் கொடுத்தவராக இருந்தாலும் எடுத்தவராக இருந்தாலும், அதில் எத்தனை பெயர் இருக்கிறது என்று எண்ணுங்கள். ஒரு பெயர்தான் இருந்தால் நாளைக் காலை என் அலுவலகத்துக்கு வாருங்கள். மற்றப் பெயரை எழுதுவதற்கு நான் கூலி வாங்கமாட்டேன். அது நான் அந்தப் பெண்மணிக்குப் பட்ட கடன்.